கரிசல் காட்டிலிருந்து ஊர் திரும்பும்போது பையில் என்ன வைக்கலாம்?

கோவில் கொடைக்கும் கல்யாணத்துக்கும் கோடை விடுமுறைக்கும் கயத்தாறு, கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கம் வந்துவிட்டுச் சென்னைக்கோ பெங்களூருக்கோ சிங்கப்பூருக்கோ திரும்புகிறவர்கள், வாங்கவேண்டியதைக் கடைசி ஒரு மணி நேரத்துக்குத் தள்ளிவிடுகிறார்கள். நாலுவழிச்சாலையில் பஸ் நிற்கிற கடையில், எந்த ஊரிலும் கிடைக்கிற சாவிக்கொத்தையும் பிளாஸ்டிக் பொம்மையையும் அள்ளிக்கொண்டு கிளம்புகிறார்கள். வானம் பார்த்த இந்தப் பூமியில் வருஷத்துக்கு ஒரு வெள்ளாமைதான். அதற்குள்ளேயே கடலையும் மிளகாயும் கம்பும் பருத்தியும் விளைகின்றன. கிழக்கே பனைக்காடு நிற்கிறது. எதைக் கையில் எடுத்தாலும், இது இந்த மண்ணில் விளைந்ததா, இங்கே உள்ளவர்கள் கையால் ஆனதா என்று முதலில் கேளுங்கள். ஆமாம் என்றால் கீழே உள்ள குறிப்புகள் உதவும்.

1. முதலில் பொருளை யோசிக்காதீர்கள், பெயர்களை எழுதுங்கள். யார் யாருக்குக் கொடுக்கவேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் எத்தனை குழந்தைகள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். வேலைக்கு வரும் அம்மா, வாசலில் இருக்கும் காவலாளி, அவர் பிள்ளை ஆகியோரும் அந்தத் தாளில் இருக்கட்டும். கயத்தாற்றுக்கும் கோவில்பட்டிக்கும் நடுவே உள்ள இடைசெவலில் பிறந்த கு. அழகிரிசாமி, 'அன்பளிப்பு' என்றொரு கதை எழுதினார். மற்றப் பிள்ளைகளுக்குக் கிடைத்தது தனக்குக் கிடைக்காத ஒரு சிறுவன், தானே ஒரு டைரியைக் கொண்டுவந்து நீட்டி, அதில் அன்பளிப்பு என்று எழுதித் தரச் சொல்வான். அந்தத் தலைப்பிலான தொகுதிக்குத்தான், அவர் மறைந்த பிறகு, 1970-இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. அதைப் படித்தவர் யாரும் ஒரு பிள்ளையை விட்டுவிட்டு இன்னொரு பிள்ளைக்கு மட்டும் கொடுக்கமாட்டார்கள். கணக்கில் ஐந்து என்றால் ஏழாக வாங்குங்கள். எதிர்பாராமல் ஒரு பிள்ளை வந்து நிற்கும்.

2. சீக்கிரம் கெடுவதைக் கடைசியில் வாங்குங்கள். கடம்பூர் போளியை வண்டி ஏறும் அன்றைக்கே வாங்கி அன்றைக்கே தின்றுவிடவேண்டும். தேங்காய்ப் போளி பருப்புப் போளிக்கும் முந்திக் கெடும். பால்கோவாவைக் கிளம்புவதற்கு முதல் நாள் வாங்கினால் போதும். திருநெல்வேலி அல்வாவும் சாத்தூர் காராச்சேவும் அதைவிடக் கொஞ்சம் தாங்கும். கடலை மிட்டாயையும் கருப்பட்டியையும் வந்த மறுநாளே வாங்கி வைத்துவிடலாம். பாயும் ஓலைப்பெட்டியும் எப்போது வாங்கினாலும் சரி. இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, ஊர் போய்ச் சேர்ந்ததும் பால்கோவாவைக் குப்பையில் கொட்டுகிறவர்கள் நிறையப் பேர்.

3. கோவில்பட்டி கடலை மிட்டாய். இந்தப் பக்கத்துக்கு வந்துவிட்டு இது இல்லாமல் திரும்பக்கூடாது. 2020 ஏப்ரலில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கரிசலில் விளைந்த நிலக்கடலை, வெல்லம், தாமிரபரணித் தண்ணீர் மூன்றும் சேர்ந்துதான் இந்த ருசி என்பது இங்கே செய்கிறவர்கள் சொல்வது. முன்காலத்தில் கருப்பட்டிப் பாகில் செய்தார்கள், பிறகு வெல்லத்துக்கு மாறினார்கள். வறுத்துத் தொலி நீக்கிய பருப்பைக் கொதிக்கும் பாகில் கொட்டிக் கிளறி, பலகையில் பரப்பி, கட்டையால் உருட்டித் தட்டையாக்கி, சூடு ஆறுமுன் கத்தியால் கோடு போடுகிறார்கள். பாகின் பதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டால் கல்லாக உறையவேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் பல்லில் ஒட்டும், தாண்டினால் கசக்கும்.

வாங்கும்போது ஒரு துண்டைக் கேட்டு வாங்கி ஒடித்துப் பாருங்கள். தயங்காமல் கேளுங்கள், நல்ல கடைக்காரர் தானாகவே எடுத்து நீட்டுவார். 'டக்'கென்று ஒடியவேண்டும், வளையக்கூடாது. பிறகு முகர்ந்து பாருங்கள். சிக்கு வாடை அடித்தால் கடலை பழசு. வாயில் போட்டதும் முதலில் கடலையின் ருசியும் பிறகு வெல்லத்தின் ருசியும் வந்தால் அது நல்ல மிட்டாய். வெறும் இனிப்பு மட்டும் தெரிந்தால் பாகு அதிகம், பருப்புக் குறைவு. பொட்டலத்தின் பின்பக்கத்தில் சேர்மானம் அச்சிட்டிருக்கும். கடலை, வெல்லம் என்று இருப்பதை எடுங்கள். குளுக்கோஸ் பாகு, சீனி என்று நீளமாகப் போனால் அப்படியே வைத்துவிடுங்கள். தயாரித்த தேதியையும் பாருங்கள். மேலே வண்ணத் தேங்காய்ப்பூ தூவிய மிட்டாய் பிள்ளைகளுக்குப் பிடிக்கும், ஆனால் நெடுந்தூரப் பயணத்துக்கும் பல நாள் இருப்புக்கும் தூவாததே மேல்.

4. கடலை மிட்டாய்க்குப் பகை ஈரக்காற்று. கரிசல் வெயிலில் மொறுமொறுவென்று இருந்தது சென்னைக் கடற்காற்றில் ஒரே ராத்திரியில் நமத்துவிடும். பெரிய பொட்டலம் ஒன்றுக்குப் பதில் சின்னப் பொட்டலங்களாக வாங்கி, ஒன்று தீர்ந்தபின் அடுத்ததைப் பிரியுங்கள். பிரித்ததை எவர்சில்வர் டப்பாவில் இறுக்கமாக மூடி வையுங்கள். ஃப்ரிட்ஜில் வைக்கவேண்டாம், வெளியே எடுத்ததும் வேர்த்து ஒட்டும். இன்னொன்றும் முக்கியம். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளைகள் உண்டு. சிலருக்கு அது மூச்சையே அடைத்துவிடும். குறிப்பாக வெளிநாட்டில் பள்ளிக்கூடத்துக்கோ அலுவலகத்துக்கோ கொண்டுபோய்ப் பொதுவில் வைக்கும்போது, இதில் நிலக்கடலை இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதி அருகில் வைப்பது கடமை.

5. கருப்பட்டி. உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கும் புவிசார் குறியீடு உண்டு. கோவில்பட்டிச் சந்தையிலும் கடைகளிலும் கருப்பட்டி தாராளமாகக் கிடைக்கும், ஆனால் எல்லாம் பனையில் இறங்கியதல்ல. பனையேறிகள் கோடை மாதங்களில் உயிரைப் பணயம் வைத்து மரம் ஏறி, புளிக்காமல் இருக்கச் சுண்ணாம்பு தடவிய கலயத்தில் பதநீர் இறக்குகிறார்கள். வீட்டுப் பெண்கள் அனலில் நின்று மணிக்கணக்காகக் காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுக்கிறார்கள். இத்தனை பாடுபட்டுச் செய்த பொருள் வெல்லத்தின் விலைக்கு எப்படிக் கிடைக்கும்? மலிவாகச் சொன்னால் அதில் சீனிப்பாகு கலந்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உடைத்துப் பார்த்தே வாங்குங்கள். உள்ளே ஒரே சீராகக் கருமையாக, மங்கலாக இருக்கவேண்டும். சீனித் துகள்போல் மினுமினுத்தாலோ வெளுத்த திட்டுகள் தெரிந்தாலோ வேண்டாம். நாக்கில் வைத்தால் இனிப்போடு மெல்லிய உப்புக் கரிப்பும் பனையின் வாசமும் வரவேண்டும். வாங்க நல்ல காலம் பங்குனி முதல் ஆடி வரை. மழைக்காலத்தில் வாங்கினால் இளகியிருக்கும். பழைய வீடுகளில் அடுப்புக்கு மேலே பரணில், புகை படும்படி வைத்திருந்தார்கள். உங்கள் வீட்டில் அது முடியாது. நியூஸ் பேப்பரில் சுற்றி, ஈரமில்லாத டப்பாவில் போட்டு மூடிவைத்தால் போதும். உபயோகிக்கும்போது தண்ணீரில் கரைத்து வடிகட்டிச் சேருங்கள், அடியில் மணலும் சுண்ணாம்பும் தங்கும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இதைக் கொடுத்து, இது ஒன்றும் செய்யாது என்று மட்டும் சொல்லாதீர்கள். கருப்பட்டியும் இரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். சுக்குக் கருப்பட்டி சிறு துண்டுகளாகக் கிடைக்கும், பலருக்குப் பங்கிட வசதியானது.

6. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா 2019-இல் புவிசார் குறியீடு பெற்றது. பாலும் சீனியும் தவிர வேறெதுவும் தேவையில்லாத பண்டம். ஆண்டாள் கோவிலைச் சுற்றியுள்ள கடைகளில் அன்று கிண்டியதா என்று கேட்டு வாங்குங்கள். விரலால் நசுக்கினால் மணல் மணலாக இருந்து நெய் கசியவேண்டும். மாவுபோல் வழவழவென்று ஒட்டினால் விட்டுவிடுங்கள். வெயில் காலத்தில் டிக்கியில் வைத்துக் கொண்டுபோகாதீர்கள்.

7. அல்வாவைச் சுடச்சுட வாங்கித் தின்பது வேறு, ஊருக்குக் கொண்டுபோவது வேறு. கொண்டுபோவதற்கானதை நன்றாக ஆறவைத்து அடைத்துத் தரச் சொல்லுங்கள். சூட்டோடு மூடினால் உள்ளே வேர்த்து மேலே பூசணம் பூக்கும். சாத்தூர் காராச்சேவு வாங்கும்போது எண்ணெய் வாடையைப் பாருங்கள், மூன்று விரலில் எடுத்தால் விரலில் எண்ணெய் பளபளக்கக்கூடாது. தூத்துக்குடி மக்ரூன் முந்திரியும் சீனியும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்ந்தது. சைவ வீடுகளுக்குக் கொடுக்கும்போது முட்டை இருப்பதைச் சொல்லியே கொடுங்கள். அது தொட்டால் நொறுங்கும், ஆகவே கைப்பையில் எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள்.

8. சமையலறைக்குப் போகும் பொருள்களைப் பலர் நினைப்பதே இல்லை. என்னைக் கேட்டால் இதுதான் முதல் தரமான பரிசு, ஒரு வருஷம் அந்த வீட்டுக் குழம்பில் இந்த மண் இருக்கும். விளாத்திகுளம் பக்கத்து மிளகாய் வத்தல், மல்லி, உளுந்து, கம்பு, குதிரைவாலி எல்லாம் மானாவாரியில் விளைபவை. ஐப்பசி மழையில் தழைத்து, தை, மாசியில் அறுவடைக்கு வரும். அதற்குப் பிறகு வந்தால் புதுசு கிடைக்கும். வத்தலை எடுத்துக் காதருகில் குலுக்கிப் பாருங்கள், விதை கலகலக்கவேண்டும். காம்போடு இருக்கவேண்டும், வெளுத்த சோடை கலந்திருக்கக்கூடாது. உள்ளே பூசணம் இருக்கிறதா என்று ஒன்றைக் கிள்ளிப் பாருங்கள். சீனியவரைக்காய் வத்தல், மிதுக்க வத்தல், மோர் மிளகாய் ஆகியவற்றைச் சந்தையில் விற்கும் பாட்டிகளிடமே வாங்குங்கள். எப்படிப் பொரிக்கவேண்டும் என்பதையும் அவர்கள் சொல்லித் தருவார்கள், அதையும் சேர்த்துக் கொண்டுபோய்ச் சொல்லுங்கள். ஊருக்குப் போனதும் எல்லாவற்றையும் ஒரு நாள் வெயிலில் போட்டு எடுத்து வையுங்கள்.

9. பத்தமடைப் பாய். திருநெல்வேலிக்கு மேற்கே, அம்பாசமுத்திரம் போகும் வழியில் பத்தமடை. தாமிரபரணிக் கரையோரக் கோரையை ஊறவைத்து, நாராக வகிர்ந்து, சாயம் ஏற்றிப் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள் நெய்கிறார்கள். சாதாரணப் பாய் வேறு, பட்டுப்பாய் வேறு. கோரையை எவ்வளவு மெல்லிசாக வகிர்கிறார்களோ அவ்வளவு நயம். நல்ல பட்டுப்பாயைத் துணி மாதிரி மடக்கலாம், மடித்த தடம் விழாது. ஒன்றை நெய்ய வாரக்கணக்கில் ஆகும் என்பதால் விலை ஆயிரக்கணக்கில் போகும். அங்கே பேரம் பேசுவதற்கு முன், தறியில் குனிந்திருப்பவரின் முதுகை ஒரு தடவை பாருங்கள். பெயரும் தேதியும் நெய்யச் சொல்லிக் கல்யாணத்துக்குக் கொடுப்பவர்கள் உண்டு. அப்படி வேண்டுமென்றால் மாதங்களுக்கு முன்பே சொல்லிவைக்கவேண்டும். பயணத்தில் சுருட்டியே கொண்டுபோங்கள். நனைந்தால் நிழலில் உலர்த்துங்கள், ஈரத்தோடு பிளாஸ்டிக் உறையில் போட்டால் கறுத்துவிடும்.

10. பனையோலைக் கொட்டானும் நார்ப்பெட்டியும் சுளகும் எடையில்லாதவை. மணப்பாட்டில் பெண்கள் ஓலையில் செய்யும் பெட்டிகளும் கூடைகளும் பெயர் பெற்றவை. ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கும் பெட்டிகளாக வாங்கி, உள்ளே மிட்டாயையும் கருப்பட்டியையும் வைத்துக் கொடுத்தால் பரிசும் அதன் உறையும் ஒரே மண்ணிலிருந்து வந்தவையாகிவிடும், மினுக்குத் தாளும் தேவைப்படாது. ஓலையின் விளிம்பில் விரலை ஓட்டிப் பாருங்கள், குத்தக்கூடாது. பிள்ளைகள் கையில் போகும் கிலுக்கு என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

11. பட்டாசும் தீப்பெட்டியும் வேண்டாம். சிவகாசி பக்கத்தில்தான் என்று வாங்கிப் பைக்குள் மறைத்து ரயில் ஏறுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ரயில்வே சட்டப்படி இது மூன்று வருஷம் வரை சிறைக்குரிய குற்றம், அதைவிடப் பெரிது ஒரு பெட்டி நிறைய மனித உயிர்கள். விமானத்திலும் தீப்பெட்டிக்கு இடமில்லை. ஆனால் கோவில்பட்டித் தீப்பெட்டித் தொழிலின் ஞாபகமாகக் குச்சியில்லாத படச்சீட்டுகளைக் கொண்டுபோகலாம். மிருகம், பறவை, பூ, தேசத் தலைவர் என்று அத்தனை படங்கள். சேகரிக்கும் பழக்கமுள்ள பிள்ளைகளுக்கு ஒரு நோட்டும் கொஞ்சம் பசையும் சேர்த்துக் கொடுங்கள்.

12. கழுகுமலை வெட்டுவான் கோவிலிலும் சமணச் சிற்பங்களுக்கு அருகிலும் கிடக்கும் கல்லை ஞாபகத்துக்காக எடுத்துவராதீர்கள். ஒரே பாறையைக் குடைந்து பாண்டியர் காலத்தில் செதுக்கி, முடிக்காமல் விட்ட கோவில் அது, அங்கே உதிர்ந்த சில்லும் அதன் பகுதிதான். தரையில் தட்டுப்படும் பானை ஓடும் அப்படியே. பழைய வெண்கல விளக்கு, மரச் சிற்பம் என்று யாராவது ரகசியமாக விற்க வந்தால் விலகிவிடுங்கள். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருள்களைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஓலைச்சுவடிக்கு 75 வருஷமே எல்லை.

13. கன்னி, சிப்பிப்பாறை நாய்க்குட்டிகளைப் பார்த்ததும் ஆசையாகத்தான் இருக்கும். ஆனால் இவை கரிசல் வெளியில் முயலுக்குப் பின்னால் ஓடிப் பழகிய இனங்கள். நாலாவது மாடி வீட்டில் சங்கிலியில் கட்டிப்போடுவதற்காக வாங்கிப்போகாதீர்கள். தினமும் ஓடவிட இடமும் நேரமும் உள்ளவர் மட்டும், தெரிந்து வளர்ப்பவரிடம் போய் நேரில் பார்த்து, யோசித்து எடுக்கவேண்டிய முடிவு.

14. புத்தகம் கெடாது, நமக்காது, எந்தச் சுங்கச் சோதனையும் தடுக்காது. கயத்தாற்றில் 1799 அக்டோபர் 16-இல் கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட இடத்தின் நினைவிடத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, அவர் வரலாற்றைச் சொல்லும் ஒரு புத்தகத்தையும் வாங்கிக் கொடுங்கள். எட்டயபுரத்தில் பாரதி பிறந்த வீட்டைப் பார்த்தபின் அவர் கவிதைத் தொகுப்பு. அவர் எழுத்துகள் 1949-லேயே நாட்டுடைமையானதால் மலிவுப் பதிப்புகள் எத்தனையோ உண்டு, எழுத்துப் பெரிதாக, பிழையில்லாமல் அச்சானதா என்று இரண்டு பக்கம் படித்துப் பார்த்து எடுங்கள். கி. ராஜநாராயணனின் 'கோபல்லபுரத்து மக்கள்', பூமணியின் 'அஞ்ஞாடி', சோ. தர்மனின் 'சூல்' மூன்றும் சாகித்திய அகாதெமி விருது பெற்றவை, மூன்றும் இந்த மண்ணில் முளைத்தவை. எழுத வரும் இளைஞருக்கு கி.ரா. தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தேடிக் கொடுங்கள்.

15. விமானத்தில் போகிறவர்கள் அல்வா, பால்கோவா, ஊறுகாய், நெய், வத்தல் அனைத்தையும் பெரிய பெட்டியில் போட்டுவிடுங்கள். குழைவான பண்டத்தைக் கைப்பையில் வைத்தால் சோதனையில் நிறுத்துவார்கள். கடலை மிட்டாயும் கருப்பட்டியும் கைப்பையில் போகலாம். ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போகிறவர்கள் கவனியுங்கள். பால் பண்டம், தானியம், விதை, ஓலை, கோரை எது இருந்தாலும் போய் இறங்கும்போது நிரப்பும் அறிவிப்பில் எழுதிக் காட்டவேண்டும். எழுதிக் காட்டினால் சில சமயம் பொருள்தான் போகும், மறைத்தால் அபராதம் கட்டவேண்டும்.

16. இப்போது நம் பக்கத்துப் பிள்ளைகள் கூட்டமாக வியட்நாம் போய்வருகிறார்கள். அங்கேயும், இது இந்த மண்ணில் விளைந்ததா என்ற அதே கேள்வியோடு கடைக்குள் போகச் சொல்லுங்கள். ஓலையில் செய்த கூம்புத் தொப்பி, பாத் சாங் கிராமத்துப் பீங்கான், காப்பித் தூளோடு காப்பி இறக்கும் சின்னத் தகர வடிகட்டி, பென் சே பக்கத்துத் தேங்காய் மிட்டாய் எல்லாம் அந்த மண்ணின் பொருள்கள். தேங்காய் மிட்டாயைச் சுற்றியிருக்கும் மெல்லிய அரிசித் தாளைப் பிய்க்கவேண்டாம், அதையும் தின்னலாம். சைவக்காரர்கள் நொறுக்குத் தீனி வாங்கும்போது மீன் சாறு சேர்ந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பாம்பையும் தேளையும் ஊறப்போட்ட மது பாட்டிலைத் தொடாதீர்கள், காட்டுயிர்ச் சட்டத்தில் மாட்டிக்கொள்வீர்கள். எள் சேர்த்த கடலை மிட்டாய் அங்கேயும் உண்டு. போகும்போது கோவில்பட்டிப் பொட்டலம் இரண்டைக் கொண்டுபோய், தங்கும் வீட்டாரிடம் கொடுத்துப் பழகுங்கள். ஹோ சி மின் நகரத்து மாரியம்மன் கோவிலுக்கும் போய்வாருங்கள், நம் ஆட்கள் நூறு வருஷத்துக்கும் முன்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்த அடையாளம் அது.

17. ஊர் திரும்பிய அன்றைக்கோ மறுநாளோ பங்கிட்டுவிடுங்கள். அலமாரியில் வைத்து நாள் பார்த்தால் மிட்டாய் நமக்கும், மறதி வரும். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் என்ன பண்டம், எந்த ஊரில் வாங்கியது, எத்தனை நாளைக்குள் தின்னவேண்டும், எதில் போட்டு வைக்கவேண்டும் என்று தமிழில் ஒரு சீட்டு எழுதி ஒட்டுங்கள். வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகளுக்கென்றால் எழுத்தைப் பெரிதாக எழுதுங்கள், கூட்டிப் படித்துவிடுவார்கள்.